கக்கூஸ் வாசலில் கடமான்

"என் பிளம் இருக்காளே, போன வருஷம் ஒரே நேரத்துல ரெண்டு பெரிய மிருகத்தை மறிச்சு நிறுத்தினா. ஒண்ணு கொம்பு வெச்ச கடமான். இன்னொண்ணு என் தம்பி டேரல். கடமான் கக்கூஸ் வாசல்ல, தம்பி கக்கூஸுக்குள்ள!"

நோலீன் இதைச் சொன்னபோது மடியில் கிடந்த வேட்டை நாய் பிளம் வாலை இரண்டு முறை ஆட்டியது. ஆமோதித்தது என்றே நோலீன் எடுத்துக்கொண்டாள். முப்பது வருடம் ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாந்து மலைப் பாதைகளில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். பின் இருக்கைப் பிள்ளைக்கும் கேட்கிற குரல்.

"கொம்பு எவ்வளவு பெருசு அத்தை?" என்று டேரலின் மகள் டானிக்கா எடுத்துக் கொடுத்தாள். எத்தனையாவது தடவை கேட்கிறாளோ.

"என் பஸ் அகலம்டி. அவன் தலையத் திருப்பினப்போ இந்தப் பள்ளத்தாக்குல காத்தே திசை மாறிச்சு."

"கட்டுக்கதை," என்றான் டேரல், நெருப்பில் புரளும் சாஸேஜிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் அன்னிக்கு முழுக்க மேல கணவாயிலதான் நின்னேன். ஒரு முயல்கூட வரல."

வழக்கமாக இந்தக் கதை சிரிப்போடு முடிந்துவிடும். அன்று முடியவில்லை. விடிந்தால் நாய்களை விட்டுக் கடமான் வேட்டையாடும் பருவம் தொடங்குகிறது. முகாமில் ஆறு நாய்கள் இருந்தன. ஒரு குழு கூட்டிப்போக அனுமதி ஐந்துக்குத்தான். எந்த நாய் வேட்டைக்குப் போகாமல் தங்குவது என்று தலைவன் டேரல் சொல்லியாக வேண்டும். அவன் பார்வை சாயங்காலம் முழுவதும் பிளமின் நரைத்த மூக்கின் மேலேயே இருந்தது.

"அக்கா, அவளுக்கு வயசாயிடுச்சு. சின்ன நாயெல்லாம் ஓடைய ரெண்டு தடவை தாண்டி வர்றதுக்குள்ள இவ ஒரு தடவை மூக்கு சிந்துறா. சோபாவுல சுகமாப் படுக்கட்டும்."

"வேகம் எதுக்குடா? இவ என்ன கூரியர் கம்பெனிக்கா வேலை பாக்குறா? விரட்டுறதுக்கு எல்லா நாயும் இருக்கு. மறிச்சு நிறுத்த இவ ஒருத்திதான். போன வருஷம் தனியா நிறுத்தினா."

"யாரு பாத்தா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டாள். அன்று பிளம் மலை முகட்டில் மோப்பம் பிடித்து, மற்ற நாய்களெல்லாம் வாலபி என்ற குட்டிக் கங்காரு ஒன்றின் பின்னால் போய் மானம் கெட்டபோதும், கடமானை விடாமல் கீழே இறக்கியது. நோலீன் கையிலிருந்த வழிகாட்டிக் கருவியில் அதன் கழுத்துப் பட்டையைக் காட்டும் புள்ளி முகாமுக்கு வந்து, தகரக் கக்கூஸுக்குப் பக்கத்தில் நின்று, நகரவே இல்லை. நோலீன் முட்டி வலியோடு சரிவில் உருண்டு புரண்டு வந்து சேர்ந்தபோது ஒரு பெரிய பழுப்பு முதுகு ஓடையில் பாய்வதை மட்டும்தான் பார்த்தாள். கக்கூஸ் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அந்த நேரத்தில்தான் வாக்கி டாக்கியில் டேரல், "இங்க ஒண்ணும் வரல," என்று கிசுகிசுத்தான். குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல் எதிரொலித்தது. பிளமைத் தேடி ஓடைவரை போய்த் திரும்பியபோது கக்கூஸ் கதவு திறந்து கிடந்தது.

அவன் ஏன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான் என்பதும் அவளுக்குத் தெரியும். வேட்டை முடியும் முன் தன் இடத்தைவிட்டு நகர்கிறவன், தலைவனே ஆனாலும், அடுத்த பருவம் முழுக்க, ஜாலர் வைத்த ரோஜா நிற ஏப்ரனைக் கட்டிக்கொண்டு முகாமின் அத்தனை பாத்திரமும் கழுவ வேண்டும். சட்டம் போட்டவன் டேரல். சிறுநீர் கழிக்கப் பத்தடி நகர்ந்ததற்காகப் போன பருவம் முழுக்க அதைக் கட்டிக்கொண்டவர் பக்கத்துப் பால்பண்ணைக்காரர் வின்ஸ்.

"அன்னிக்கு முந்தின ராத்திரி உன் மிளகாய் சலாமி இறைச்சிய யாரு முக்கால்வாசி தின்னது வின்ஸ்?" என்று நோலீன் கேட்டாள்.

"பேர் சொன்னா எனக்கு நாளைக்கு நல்ல இடம் கிடைக்காதே," என்றார் வின்ஸ், டேரலைப் பார்த்தபடி.

"அப்பா அப்புறம் அந்தக் கக்கூஸுக்கே போனதில்ல," என்றாள் டானிக்கா. "மண்வெட்டிய எடுத்துக்கிட்டு காட்டுக்குள்ளதான் போறாரு."

"இயற்கைய ரசிக்கிறேன். தப்பா?" என்ற டேரல் எழுந்தான். "போதும். சாட்சி இல்ல. நாளைக்கு பிளம் வரமாட்டா." குனிந்து, பிளமின் கழுத்திலிருந்து வழிகாட்டிப் பட்டையைக் கழற்றினான்.

பிளம் வெறுங்கழுத்தைக் காலால் சொறிந்துவிட்டு எல்லோரையும் ஒருமுறை பார்த்தது. நோலீன் வாழ்க்கையில் முதல்முறையாக மிகைப்படுத்தச் சொல் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் மழை பிடித்தது. மலை மழை, தலைக்கு மேல் கட்டியிருந்த தார்ப்பாயைக் கிழிக்கிற மழை. வின்ஸ் இந்த வருடமும் சலாமி கொண்டுவந்திருந்தார். டேரல் மண்வெட்டியைப் பார்த்தான், மழையைப் பார்த்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு தகரக் கக்கூஸுக்கு ஓடினான். கதவு அறைந்து மூடியது.

பிளம் காதை நிமிர்த்தியது. மடியிலிருந்து இறங்கி, மழையில் நிதானமாக நடந்து போய், கதவுக்கு நேரெதிரே நான்கு காலையும் ஊன்றி நின்றது.

பிறகு குரைத்தது.

விரட்டும்போது வருகிற கீச்சுக் குரைப்பு இல்லை. அடிவயிற்றிலிருந்து, மணி அடிப்பதுபோல் ஒன்று, நிறுத்தி இன்னொன்று. 'பிடிச்சுட்டேன். இங்கதான் இருக்கான். வாங்க' என்கிற குரைப்பு. எதிரே கடமான் நிற்காமல் அந்தக் குரல் எந்த நாய்க்கும் வராது. கட்டிக்கிடந்த ஐந்து நாய்களும் எழுந்து நின்று, வாயைத் திறக்காமல், பெரியவள் பேசுவதைக் கேட்டன.

"அவளைக் கூப்பிடு அக்கா!" என்று உள்ளேயிருந்து டேரல் கத்தினான்.

"எதுக்கு? இங்க ஒண்ணும் வரலைன்னு நீதானே சொன்ன? முயல்கூட வரலைன்ன?"

வின்ஸ் சிரித்துச் சிரித்து நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். பிளம் நிறுத்தவே இல்லை. மழை அதன் முதுகில் ஆறாய் ஓடியது. ஒரு அங்குலம் பின்வாங்கவில்லை.

கதவு மெல்லத் திறந்தது. டேரல் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகத்தில் கோபத்தைக் காணோம். குனிந்து பிளமைத் தூக்கி, தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நெருப்புக்கு வந்தான்.

"துப்பாக்கி மடியில இருந்துச்சு," என்றான். "கதவு இடுக்குல பாத்தேன். கடமானோட பின்பக்கம் என் பக்கம். அந்தப் பக்கம் இவ. சுட்டா இவ மேல படும். ரெண்டு தடவை கொம்பைத் தாழ்த்திட்டு முட்ட வந்தான் அக்கா. இவ ஒதுங்குவா, மறுபடி அதே இடத்துல வந்து நிப்பா. தனியா. பக்கத்துல ஒரு நாய் இல்ல, ஒரு ஆள் இல்ல. இத்தனை வருஷ வேட்டையில அப்படி ஒரு மறிப்ப நான் பாத்ததில்ல. பேன்ட்டு கணுக்கால்ல கிடக்க, நான் உள்ள உட்காந்து கை தட்டாத குறை."

டேரல் கழற்றிய பட்டையை எடுத்துப் பிளமின் கழுத்தில் திரும்ப மாட்டினான். தன் இளம் நாய் ஒன்றைக் காட்டி, "நாளைக்கு அது வண்டியில இருக்கட்டும்," என்றான். வின்ஸ் ஏற்கெனவே ஏப்ரனை எடுத்து உதறிக்கொண்டிருந்தார். டேரல் கையைத் தூக்கி நிற்க, ஜாலர் கசங்காமல் பின்னால் முடிச்சுப் போட்டுவிட்டார்.

நோலீன் மேலே தார்ப்பாயை மூக்கு தொடும் அளவுக்குத் தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப நடந்துச்சுங்கிற?"

"நடந்துச்சு." டேரல் சாஸேஜ் சட்டியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டான். "ஆனா கொம்பு விஷயத்துல நீ சொன்னது தப்பு."

"எப்படி?"

"உன் பஸ் அகலம் இல்ல அக்கா. அதைவிடக் கொஞ்சம் பெருசு."