பிலாத்து பாடிய சாட்சியம்

வெள்ளிக்கிழமை எமிலியானுசின் வள்ளம் ஏலம் போகவிருந்தது. வழக்கில் தோற்றுவிட்டார். தோற்றதில்கூட அவருக்கு வருத்தமில்லை. வழக்கு நடந்ததே தெரியாமல் தோற்றதுதான் பொறுக்கவில்லை.

அவர் பட்டாளத்தில் லொறிச் சாரதி. துறைமுகத்தில் வேலைநிறுத்தம் என்று கொழும்புக்கு அனுப்பி, மூன்று மாதம் கோதுமை மா மூட்டை இழுக்க வைத்துவிட்டார்கள். அதற்குள் நூல்கடைத் தோமஸ் முதலாளி வலைக் கடனுக்கு வழக்குப் போட்டார். பாதிக் கடன் அடைத்தாயிற்று என்று சொல்ல எதிராளி எமிலியானுஸ் ஊரில் இல்லை. நீதிமன்றம் ஒருதலையாகத் தீர்ப்பை எழுதி மூடிவிட்டது.

அழைப்பாணை தன் கைக்கு வரவில்லை என்று காட்டினால்தான் தீர்ப்பு உடையும். ஏலத்துக்கு முன் நீதிமன்றம் ஏறி, எமிலியானுஸ் பட்டாளத்துக் கடிதத்தை நீட்டினார். லொறி கொழும்பில் நின்றது என்று இலக்கத்தோடு இருந்தது. சாரதி எங்கே நின்றார் என்று ஒரு சொல் இல்லை.

அழைப்பாணை கொடுக்கும் காமில் கூண்டில் ஏறினார்.

"நானே கையில குடுத்தனான், ஐயா. பேசாலைக் கோயில் வளவில இயேசுவின்ர பாடுகளின் கூத்து ஒத்திகை. உடுப்போட பிலாத்து கை கழுவிக்கொண்டு நிண்டார். பன்னிரண்டு வருசமா நான் பாக்கிற பிலாத்து, எனக்குத் தெரியாதே?"

எமிலியானுசுக்கு இப்போதுதான் விளங்கியது. அந்த வருடம் அவர் கொழும்பில் நிற்க, அவருடைய பிலாத்துத் தாடியையும் சிவப்பு அங்கியையும் மாட்டிக்கொண்டு நின்றவன் மைத்துனன் அருளப்பு. ஆங்கிலத்தில் இருந்த அழைப்பாணையை நாடகச் சாமான் என்று நினைத்து, பெரிய வெள்ளியன்று மேடையில் விரித்துப் பிடித்து, இயேசுவுக்கு மரணத் தீர்ப்பு வாசித்ததும் அவனேதான்.

"தாடிக்குள்ள நிண்டது நானெண்டு எப்பிடிச் சொல்லுறீங்கள்?" என்றார் எமிலியானுஸ், மைத்துனனைக் காட்டிக்கொடுக்காமல்.

"பாடினீங்களே! இந்த முறைதான் உங்கட குரல் திறந்தது. சனம் அழுத அழுகைக்குக் கட்டுக்கரைக் குளம் நிரம்பி வான் பாஞ்சிருக்கும்!"

பின் வாங்கிலிருந்து மனைவி அன்ரோனெற் துள்ளி எழுந்தாள்.

"அப்ப அது இவரில்லை, ஐயா! இவர் பாடினால் பெரிய ஆக்கள் அழமாட்டினம். தொட்டில் பிள்ளையள்தான் அழும்."

"இஞ்சை, நீ இரு!" என்று எமிலியானுஸ் திரும்பிச் சீறினார்.

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பாடிக் காட்டும்."

நன்றாகப் பாடினால் வள்ளம் போகும். கெடுத்துப் பாடினால் பன்னிரண்டு வருட மானம் போகும். எமிலியானுஸ் கண்ணை மூடி யோசித்தார். மானத்தை விட மனம் வரவில்லை. வருவது வரட்டும் என்று, உள்ள திறமை முழுவதையும் கூட்டி, உச்சத்தில் எடுத்தார்.

கூரைக் காகங்கள் அரிப்பு ஊர்வரை பறந்துதான் இறங்கின. மன்னார்த் தெருக் கழுதைகள் நாற்பதும் நீதிமன்ற வாசலில் கூடி, அடி பிசகாமல் பின்பாட்டுப் பாடின. நீதிபதி "போதும்" என்று மூன்று முறை சொன்னது ஒருவருக்கும் கேட்கவில்லை.

காமில் காதுகளைப் பொத்திக்கொண்டு கத்தினார்: "அல்லாஹ்மேல ஆணை, ஐயா, இந்த ஆளிட்ட நான் குடுக்கேல்லை!"

தீர்ப்பு ரத்து. ஏலம் நின்றது. வழக்கைப் புதிதாக விசாரிக்கத் திகதி போட்டார்கள்.

அடுத்த வருடத் தபசு காலத்தில், கூத்துக்கு ஆள் எடுக்கும்போது, கோயிலார் பிலாத்து வேடத்தை அருளப்புவுக்கே எழுதிக் கொடுத்தார்கள். எமிலியானுசுக்கு, இராயப்பர் இயேசுவை மறுதலிக்கும்போது திரைக்குப் பின்னால் கூவும் சேவல் வேடம் கிடைத்தது.

"இப்பதான் உங்கட குரலுக்கு ஏத்த வேலை," என்றாள் அன்ரோனெற்.

எமிலியானுஸ் கரையில் தன் வள்ளத்துக்குள் ஏறி இருந்து ஒரு கூவல் கூவிப் பார்த்தார். பேசாலைச் சேவல் எல்லாம் பட்டப்பகலில் பதில் கொடுத்தன. ஒரு கோழிக்குஞ்சுகூட அழவில்லை என்பதையும் அவர் கவனித்துக்கொண்டார்.