மேலே, வலது ஓரம்

கடைசி ஆளுக்காக அவள் காத்திருந்தாள். காலையிலிருந்து ஒரே நாற்காலியில் உட்கார்ந்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. தண்ணீர் கம்பெனியின் புதிய இணையப் பக்கத்தைச் சாதாரண ஆட்களால் தாங்களாகவே பயன்படுத்த முடிகிறதா என்று சோதனை நடந்துகொண்டிருந்தது. வருகிறவர்கள் மிரளாமல் இருக்க, புகார்களைப் போனில் வாங்கும் பிரிவிலிருந்து அவளைக் கூட்டி வந்து உட்கார வைத்திருந்தார்கள். பாதிக்கு மேல் ஆட்கள் தேறிவிட்டால் அந்தப் பிரிவையே மூடிவிடலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். இதுவரை தேறியவர்களும் திணறியவர்களும் சரிபாதி. வீட்டில் உலை கொதிப்பது அவள் சம்பளத்தில்தான்.

கடைசியாக வந்தது ஒரு சலவைக் கடையில் வேலை பார்க்கும் அம்மாள். கொடுத்த போனைச் சூடான பாத்திரத்தைப் போல விரல் நுனியில் பிடித்துக்கொண்டாள்.

“இது உங்களுக்கு வைக்கிற பரீட்சை இல்லம்மா, இந்தப் பக்கத்துக்குத்தான்,” என்றான் பக்கத்தை வடிவமைத்த இளைஞன்.

“அப்ப ஃபெயிலானா அதைத் திட்டுவியா, என்னைத் திட்டுவியா?”

அவன் சிரித்தான். “வீட்ல தண்ணி வரல, புகார் குடுக்கணும். அது எங்க இருக்குன்னு தேடுங்க.” பிறகு புகார்ப் பிரிவிலிருந்து வந்தவளிடம் திரும்பினான். “அக்கா, நீங்க வாயே திறக்கக் கூடாது.”

அம்மாளின் விரல் கீழே கீழே போயிற்று. சிரிக்கும் குழந்தை, நீல அருவி, கம்பெனியின் பெருமைகள். முன்பு பக்கத்தின் தலைப்பில் பெரிதாக இருந்த போன் நம்பரை எடுத்துவிட்டார்கள். புகார் உட்பட மற்றதெல்லாம் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது.

பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவளுக்குள் மெல்ல ஒரு நிம்மதி பரவியது. பரவியதுமே கூசியது. இன்னொருத்தி திணறினால்தான் நமக்குச் சோறா?

“எல்லாம் இருக்கு, நான் கேக்கறது மட்டும் இல்ல. எனக்குத்தான் கூறு பத்தல போல.” அம்மாள் பெருமூச்சு விட்டாள்.

வருஷக்கணக்காகப் போனில் அவள் காதோடு கேட்ட பெருமூச்சு அது. அதற்குப் பதில் சொல்ல அவள் யோசித்ததே இல்லை. நாக்கு தானாகப் புரண்டது.

“மேலே, வலது ஓரம். மூணு கோடு இருக்கும் பாருங்கம்மா. அதைத் தொடுங்க.”

அம்மாள் தொட்டாள். பட்டியல் விரிந்தது. புகார் போய்ச் சேர்ந்தது.

“தம்பி, நான் சொல்லிக் குடுத்துட்டேன். இதைக் கணக்குல சேக்காதீங்க.”

“ஒரு வார்த்தைதானேக்கா. முடிச்சுட்டாங்கல்ல?” அவன் அதற்குள் ‘தேறினார்’ என்று தட்டச்சு செய்யத் தொடங்கியிருந்தான். “மேனேஜர் ரிப்போர்ட்டுக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு.”

வாசலில் அம்மாள் நின்று திரும்பினாள். “நீ இல்லேன்னா முடிஞ்சிருக்காது கண்ணு. வீட்ல போய் மறுபடி மாட்டிக்கிட்டா யாரைக் கேப்பேன்? உன் நம்பரைக் குடு.”

கம்பெனி நம்பர் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, பேனாவைத் திறந்து, அம்மாள் நீட்டிய உள்ளங்கையில் தன் சொந்த நம்பரை எழுதத் தொடங்கினாள். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த தோலில் மை பிடிக்கவில்லை. அம்மாள் கையை அசைக்காமல் நிற்க, அவள் முதல் எண்ணின் மேலேயே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள்.