ஏழாம் பாகத்தில் டிராகன் வரும்

எழுத்தாளர் ஆறு பாகம் எழுதி முடித்திருந்தார். கதை வேறொன்றுமில்லை: அரசன் சாகிறான், மகன் சிறுவன், 'பையன் வளரும்வரை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சித்தப்பன் சிம்மாசனத்தில் உட்காருகிறான், பிறகு எழுந்திருக்க மறந்துபோகிறான். இடைக்கால அரசர்களின் வாரிசுச் சண்டைகளை இருபது வருடம் கரைத்துக் குடித்ததாகப் பேட்டிகளில் சொல்வார். டிராகன் மட்டும் சொந்தச் சரக்கு.

குடிக்க அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம். அவருடைய பெரியண்ணன் செத்தபோது, அவர் நடத்திவந்த மரப்பட்டறையை நடு அண்ணன்தான் 'பார்த்துக்கொள்ள' எடுத்தார். பெரியண்ணன் மகனுக்கு அப்போது எட்டு வயது. இப்போது இருபத்தாறு. அதே பட்டறையில் இழைப்பு மெஷினில் கூலிக்கு நிற்கிறான். சாவிக்கொத்து இன்னமும் நடு அண்ணன் இடுப்பில்.

"சின்ன சித்தப்பா," என்று எழுத்தாளரிடம் வந்தான், "எனக்குக் கல்யாணம் பேசுறாங்க. பட்டறை யாருதுன்னு பொண்ணு வீட்ல கேக்குறாங்க. நீங்க சொன்னா அவர் கேப்பாரு. ஒரு வார்த்தை பேசுங்க."

எழுத்தாளர் நேரடியாகப் பேசுகிற ஆளா? ஆறாம் பாகத்தைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனார். நடு அண்ணனின் அறையில், மரத்தூள் படிந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, அந்தச் சித்தப்பன் அரசன் குற்ற உணர்வில் தூக்கமில்லாமல் புரள்கிற அத்தியாயத்தைக் குரலை ஏற்றி இறக்கி வாசித்தார். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். கண்ணோரத்தில் ஈரம்கூட.

"பாவம்டா அந்த மனுஷன். நாட்டையே ஒத்தையாளா சுமந்திருக்கான். நெஜமா நடந்ததா இது?"

"நடந்ததுதாண்ணே. பல நாட்டுல."

"பாத்தியா! அப்பவே அப்படித்தான். நான்தான் என்னமோ புதுசா பண்ணிட்ட மாதிரி பேசுறானுங்க." சாவிக்கொத்தைத் தடவிக்கொண்டார். "இதை இங்கயே வச்சிட்டுப் போ. பொண்ணு வீட்டுக்காரங்க வந்தா காட்டணும்."

எழுத்தாளர் வாயைத் திறந்தார். நாற்பதாயிரம் குதிரைகளை ஒரே வரியில் ஆற்றைக் கடக்க வைத்தவருக்கு, 'சாவியைக் குடுண்ணே' என்பது தொண்டையைக் கடக்கவில்லை. புத்தகத்தில் 'அன்புடன்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வெளியே, மெஷினை நிறுத்திவிட்டு பெரியண்ணன் மகன் காத்திருந்தான்.

"என்ன சொன்னாரு?"

"கதை ரொம்பப் புடிச்சிருக்குன்னாரு."

"அந்தப் பையனுக்குக் கடைசியில நாடு கெடைக்குதா?" என்றான்.

"கெடைக்கும்டா. ஏழாம் பாகத்துல டிராகன் வந்து..."

"வராட்டி?"

டிராகன் வராத பையன்கள் என்ன ஆனார்கள் என்பதைத்தான் எழுத்தாளர் இருபது வருடம் படித்திருந்தார். சட்டையில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிக்கொண்டே நின்றார்.

"மெஷின் ஏன்டா நின்னுச்சு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவன் போய் ஓட்டினான்.