இருமல் இல்லாத பாட்டு

அரியமுத்துவுக்குத் தொண்டையில் புற்று என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு அரியலூர் வந்து சேர்ந்தார்கள். அவரோ கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பெரம்பலூருக்கு பஸ் ஏறிவிட்டார். நாற்பது வருஷமாக யாரும் கேட்காத ராக் பாட்டு எழுதிப் பாடுகிற மனுஷனுக்கு அத்தனை பிடிவாதம். ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். அதற்குள் கடைசி ஆல்பத்தை முடித்தாக வேண்டும். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல்லாய்ப் போன சிப்பியாகக் கிடக்கிற பழைய கடலைப் பற்றிய பாட்டுகள்.

சென்னைக்கு அலைய உடம்பில் தெம்பில்லை. பெரம்பலூரில் வேல்முருகன் என்ற பையனின் ஸ்டூடியோதான் வாய்த்தது. காதுகுத்துப் பாட்டும் அம்மன் பாட்டும் தேர்தல் பாட்டும் பதிவாகிற இடம். நல்ல பிள்ளைதான். பாடுகிறவர் இருமினால் வெட்டுவான், சுருதி விலகினால் இழுத்து நேராக்குவான். அதுதான் அவன் தொழில் தர்மம். கடைசிப் பாட்டில் அரியமுத்து இருமினார், குரல் உடைந்தது, ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடி பாடினார். அந்தப் பாட்டு அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவனிடம் சொல்லத்தான் தோன்றவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார்.

உடம்பு தேறியதும், மூச்சு விடக் கழுத்தில் போட்ட துளையை ஒரு துணியால் மூடிக்கொண்டு, மனைவி அனுசுயாவோடு பாட்டைக் கேட்க ஸ்டூடியோவில் வந்து உட்கார்ந்தார். கணீரென்று யாரோ ஒரு இளவட்டம் பாடினான்.

அவர் பாட்டைத் தகர டப்பா சத்தம் என்றே காலமெல்லாம் ஏசிய அனுசுயாதான் முதலில் எழுந்தாள்.

“இது யாரு தம்பி? இவரு குரல் எங்க?”

“ஐயாதாம்மா. ஒரு வாரமா உக்காந்து சுத்தம் பண்ணுனேன்.”

“பாட்டு நடுவுல இருமுவாரே, அது எங்க?”

“எடுத்துட்டேங்க. ஒரு பிசிறு இருக்காது, கேளுங்க.”

“அந்தப் பழசு இருக்குமில்ல?”

வேல்முருகனின் முகம் செத்துவிட்டது. “கம்ப்யூட்டர்ல இடமில்லம்மா. வேலை முடிஞ்சா அழிச்சிடறதுதான் வழக்கம். ஐயா பேரு நல்லா வரணும்னுதான் செஞ்சேன்.”

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான், வேறென்ன. அடப்பாவி என்று திட்டக்கூட அரியமுத்துவுக்கு ஒரு எழுத்து வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினார். கண்ணாடி அறைக்குள் ஓடி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இசையை மட்டும் போடச் சொல்லிக் கையை ஆட்டினார். வேல்முருகன் போட்டான். அரியமுத்து மைக்கைக் கவ்வுகிற மாதிரி நின்று முழுப் பாட்டுக்கும் உதட்டை அசைத்தார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணீர் வழிந்தது. மைக்கில் ஒன்றும் விழவில்லை. முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் ஒன்றுமில்லை. மூன்றாம் முறையும் கையை ஆட்டினார்.

“போதும்னு சொல்லுங்கம்மா,” என்று அழுதான் வேல்முருகன்.

அனுசுயா உள்ளே போனாள். மைக்கை அவர் வாயிலிருந்து கழுத்துக்கு இறக்கினாள். துணியை விலக்கினாள்.

“காத்துதாம்மா வருது,” என்றான் அவன். “பாட்டு வரல.”

“வருது,” என்றாள் அனுசுயா. “நீ பதிவு பண்ணு.”