கஞ்சி போட்ட லேஸ்

எனக்கு வாய் நீளம். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ராஜகுமாரியிடம் வாயைக் கொடுக்காதே என்று. தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே வளர்ந்த வாய். அந்த வாய்தான் என் மகளைக் கெடுத்தது.

கார்த்திகையில் ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் அண்டா கவிழ்ந்து, என் மகள் இசக்கிச்செல்விக்கு இரண்டு கெண்டைக்காலும் வெந்துவிட்டன. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் தொடைத் தோலை எடுத்து ஒட்டி, தை பிறந்த பிறகுதான் அனுப்பினார்கள். ஒட்டிய தோல் வெங்காயச் சருகு போலிருந்தது. மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. அதை எழுதிவிட வேண்டும், அவளுக்கு வேறு பேச்சே இல்லை. ஆனால் சுடிதார் பேன்ட் பட்டாலே துடித்தாள். தொளதொளவென்று பாவாடை போட்டு வரலாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

கால் புண்ணைப் பார்க்க வீட்டுக்கு வரும் நர்ஸ் ஷம்சாத் பேகம்தான் வழி சொன்னாள். "லினன் நூல்ல பின்னுங்கக்கா. வேர்வையை இழுத்துக்கும். தையல் மூட்டு இல்லாமப் பின்னுனா உரசாது. முதல்ல முரடாத்தான் இருக்கும், துவைக்கத் துவைக்க இளகிரும்."

வட்ட ஊசியும் நூலும் ஆன்லைனில் வரவழைத்தேன். பொல்லாத நூல்! கம்பளி மாதிரி இழுபடாது. விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிற்று. இடுப்பிலிருந்து சுற்றிச் சுற்றி இறக்கி, கெண்டைக்கால் வரை வந்தபோது செல்வி கேட்டாள்.

"கீழ லேஸ் வைம்மா. வெறும் பாவாடையோட போனா ஆஸ்பத்திரி கேஸ் மாதிரி இருக்கும்."

"போற எடம் பரீட்சை. இதுல சிங்காரம் வேறயாக்கும்!" என்று வைதேன். வைதுவிட்டு இலை இலையாக ஓட்டை விட்டு நான்கு விரல் அகலத்துக்கு லேஸ் பின்னினேன். மொத்தம் நாற்பது நாள்.

முடித்துப் பார்த்தால் லேஸ் துவண்டு ஓரத்தில் சுருண்டது. அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன காரியத்தைச் செய்தேன். எங்கள் வீட்டில் பாவு நூலுக்குக் கஞ்சி போடாமல் தறியில் ஏற்ற மாட்டோம், சேலைக்குக் கஞ்சி போடாமல் உடுத்த மாட்டோம். கை தானாகவே ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சியது. முக்கி, ஓரத்தை இழுத்துவிட்டுக் காயப்போட்டேன். மறுநாள் ஒவ்வொரு இலையும் விறைப்பாக நின்றது. எனக்கு அத்தனை பெருமை.

தமிழ்ப் பரீட்சையன்று காலையில் உடுத்திக்கொண்டு இரண்டு எட்டு வைத்தாள்.

"அம்மா, கீழ குத்துது."

"குத்துதாம்ல! நாப்பது நாளு என் வெரலுல குத்தலையாட்டி? புதுசு அப்படித்தான் இருக்கும். பேசாமப் போ."

பேசாமல் போனாள்.

மதியம் என் வீட்டுக்காரர் துரைப்பாண்டி அவளை ஆட்டோவில் கூட்டி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "எல்லாம் எழுதிட்டேம்மா" என்றாள். கீழே பார்த்தேன். லேஸ் சிவந்து காலோடு ஒட்டியிருந்தது. மூன்று மணி நேரம் பெஞ்சில் காலை அசைத்த ஒவ்வொரு அசைவுக்கும் அது அறுத்திருக்கிறது.

"பேப்பரை வச்சுட்டு வர வேண்டியதுதானட்டி?"

"நீ வைவ."

குளியலறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, வெதுவெதுப்பான தண்ணீரைக் காலில் விட்டுக்கொண்டே இருந்தேன். கஞ்சி கரைந்து பாலாக ஓடியது, அதற்குள் சிவப்பும் ஓடியது. ஒவ்வொரு இலையாக இளகிப் பிரிந்தது. பாவாடையைக் கழற்றிக் கையில் வாங்கினால், அம்மா தாயே, அப்படி ஒரு மென்மை. முந்தின நாள் ஒரு தரம் வெறும் தண்ணீரில் அலசியிருந்தால் போதும்.

ஷம்சாத் வந்து பார்த்தாள். "ஒட்டுன தோலு ரெண்டு கால்லயும் போயிட்டுக்கா. திரும்ப ஒட்டணும். இன்னைக்கே திருநெல்வேலிக்குக் கொண்டு போங்க."

நான் ஆஸ்பத்திரிப் பையை எடுத்து வைத்தேன். செல்வி கொடியில் சொட்டிக்கொண்டிருந்த பாவாடையை எட்டித் தொட்டுப் பார்த்தாள்.

"இப்பம் மெத்துனு இருக்கும்மா. திங்கக்கெழம இங்கிலீஷ் பரீட்சைக்கு இதையே போட்டுட்டுப் போறேன். குத்துதுன்னு சொல்ல மாட்டேன், வையாத."