நாயைக் காட்டுங்கப்பா

"ஒரு நிமிஷம் சார், அப்பா முகத்தைப் பார்த்துக்கறேன்" என்றாள் மகள்.

"தள்ளி நின்னு பாருங்கம்மா. தொற்று" என்றார் அப்பாவின் உடலை மூடிய உறையின் ஜிப்பைப் பிடித்திருந்த சுகாதாரப் பணியாளர். முகக்கவசத்துக்குள் விட்ட மூச்சிலேயே அவள் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைத்துப் பார்ப்பதற்குள் ஜிப் ஏறிவிட்டது.

வண்டி போனதும், அதன் பின்னால் ஓடிய அப்பாவின் நாய் தடியன் திரும்பி வந்து அவள் காலடியில் படுத்தது. அதற்கு ஒரு கேடும் இல்லை.

அவள் கால்நடை மருத்துவர். ஊரடங்கு வந்ததிலிருந்து வைத்தியமெல்லாம் வீடியோவில்தான். நேற்றுக் காலை, வரிசையில் காத்திருந்து அப்பாவும் வந்தார். திரையில் முதலில் விட்டம் தெரிந்தது, பிறகு அவர் காது.

"தடியன் சாப்பிடலம்மா. மூச்சும் ஒரு மாதிரி இருக்கு. எனக்கும்..."

"உங்க மூஞ்சிக்கா வைத்தியம்? நாயைக் காட்டுங்கப்பா."

"காட்டறேன், காட்டறேன். கோவிச்சுக்காத."

நாயின் விலா ஏறி இறங்குவதை எண்ணினாள். நிமிடத்துக்கு இருபது, பழுதில்லை. காதில் விழுந்த இழுப்போ நாற்பதைத் தாண்டியது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தது. தெரிந்தும், "உங்க போன்தான் கோளாறு, முதல்ல அதை மாத்துங்க" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்துவிட்டாள். பெரிய டாக்டர்! அடுத்து ஒரு பூனை காத்திருந்ததாம். இன்று விடிந்ததும் பால்காரர்தான் தகவல் சொன்னார்.

அம்மா வீடியோவில் அழைத்தாள். பேரனைப் பார்க்க மகன் வீட்டுக்குப் போனவள், வழியெல்லாம் அடைத்துவிட, மூன்று மாதமாக அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத்தான் குடுத்து வைக்கல. நீயாவது நேத்து வீடியோல அவர் முகத்தைப் பார்த்தியே. எப்படிடி இருந்தார்?"

மகள் கூனிக் குறுகிப் போனாள். முகத்தையே பார்க்கவில்லை என்று சொல்லிவிடத்தான் நினைத்தாள். வாய் வரவில்லை.

"நல்லாத்தான் இருந்தாரும்மா. சிரிச்சார்."

"ஷேவ் பண்ணியிருந்தாரா?"

"ம்."

"என்ன சட்டை போட்டிருந்தார்?"

"அதான்... அந்த நீலக் கட்டம் போட்டது."

அம்மா குனிந்து பெட்டியிலிருந்து எதையோ எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நீலக் கட்டம் போட்ட சட்டை. கிளம்பும் அவசரத்தில் அவள் துணியோடு சேர்ந்து போயிருக்கிறது. மகளால் திரையைப் பார்க்க முடியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நாய் பட்டினி கிடக்கும். ஏதாவது வை" என்றாள் அம்மா.

பிறகு சட்டையின் கைகளை உள்ளே மடித்து, திரைக்கு வெளியே தள்ளி வைத்தாள்.