ஹாரன் எந்தப் பட்டன்?

விளையாட்டைத் திட்டி யாராவது எழுதினால் அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் முகம் தொங்கிப்போகும். டிரைவருக்கு மட்டும் மலரும்.

மூன்று பக்கம் கண்ணாடியும் ஒரு பக்கம் கழிப்பறையுமாக இருந்த அந்த அறையில், கணினியில் ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்றைத் தயாரித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். மொத்தம் பதினோரு பேர். பத்துப் பேருக்கு ரயில் என்றால் ஜன்னலோர இருக்கை. நிஜ ரயிலை ஓட்டியவர் அவர் ஒருவர்தான், அதுவும் பத்தொன்பது வருடம். அதனால் பெயரே டிரைவர் என்று ஆகிவிட்டது. விளையாட்டில் வரும் ரயில் நிஜ ரயில் மாதிரி நடந்துகொள்கிறதா என்று பார்ப்பது அவருடைய வேலை. ஆடியவர்கள் எழுதும் கருத்துகளைப் படித்துப் பதில் போடும் வேலை யாருக்கும் வேண்டாததால் அதுவும் அவர் தலையில் வந்து விடிந்தது.

"நாற்பது நிமிடம் ஓட்டினேன். ஒரு வளைவுகூட இல்லை. தூங்கிவிட்டேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார்.

"அதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள்" என்று டிரைவர் பதில் போட்டார்.

"என்ஜினில் கழிப்பறை வைக்க மறந்துவிட்டீர்கள்" என்று இன்னொருவர்.

"மறக்கவில்லை. பத்தொன்பது வருடம் நானும் மனு எழுதிப் பார்த்தவன்தான்."

மேனேஜர் இதையெல்லாம் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார். "சார், வருந்துகிறோம்னு மட்டும் போடுங்க சார். சொந்தக் கதை வேணாம்."

ஆனால் டிரைவர் காலையில் வந்து, பையைக் கீழே வைப்பதற்கு முன்பே தேடிப் படித்தது பதினான்காம் கட்டத்தைப் பற்றிய கருத்துகளைத்தான். அந்தக் கட்டத்தில் ரயில் மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வளைவைக் கடக்கும். கடந்ததும் நானூற்று எண்பது மீட்டர் தூரத்தில் ஆளில்லாத ஒரு லெவல் கிராசிங். அங்கே தண்டவாள இடுக்கில் முன்சக்கரம் மாட்டிக்கொண்ட ஒரு சைக்கிள். அதில் மோதாமல் ரயிலை நிறுத்த வேண்டும். விளையாட்டு வெளியாகி ஐந்து வாரம் ஆகியும் ஒரு பிள்ளையாலும் நிறுத்த முடியவில்லை.

"அறுபது தடவை முயன்றேன். கடவுளே வந்தாலும் நிற்காது" என்றது ஒரு கருத்து. "இந்த பிரேக்கை நம்பி ஏறுவதற்கு நடந்தே போகலாம்" என்றது மற்றொன்று. "ஒரு ஓட்டைச் சைக்கிளுக்காகவா இத்தனை பாடு? ஏற்றிவிட்டுப் போனால் என்ன?" என்று கேட்ட மூன்றாமவருக்கு மட்டும் டிரைவர் இன்னும் பதில் போடவில்லை.

சைக்கிள் அவர் சொல்லி வைத்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணை வைக்க அவர் சம்மதிக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தப் பெண் அப்படித்தான் நின்றாள், ஹாண்டில்பாரை இரண்டு கையாலும் இழுத்தபடி. ரயில் அவளைத் தாண்டி அறுபத்தாறு மீட்டர் போய் நின்றது. விசாரணையில், டிரைவர் ஹாரன் அடித்தார், அவசர பிரேக் போட்டார், விதிமீறல் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அவர் மேல் தப்பில்லை. ஆனால் அதற்கப்புறம் என்ஜின் படியில் வைத்த கால் மேலே ஏறவில்லை. மூன்று முறை முயன்றார். மூன்றாவது முறை பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

விசாரணை அறிக்கையில் இருந்த வேகம், தூரம், பிரேக் அளவு எல்லாவற்றையும் ஒரு புள்ளி மாறாமல் பதினான்காம் கட்டத்தில் ஏற்றச் சொன்னவர் அவர்தான். விசாரணை செய்தவர்கள் மூன்று பேர். இங்கே ஆயிரக்கணக்கான பேர் அதே என்ஜினில் ஏறி, அதே வளைவைத் திரும்பி, அவருக்காகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் திட்டத் திட்ட அவருக்குச் சோறு இறங்கியது.

வீட்டிலும் அதுவே பேச்சு. "இன்னிக்கு எத்தனை பேர் திட்டினாங்க?" என்பாள் மனைவி, கதவைத் திறக்கும்போதே.

"ஏழு பேர். ஒருத்தன் என் பரம்பரையையே இழுத்துட்டான்."

"நல்லதாப் போச்சு. கை கழுவிட்டு வாங்க."

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த கருத்துக்கு ஐந்து நட்சத்திரம். எழுதிய பெண் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'சும்மாவந்தேன்'.

"பையன் ஸ்கூலுக்குப் போனப்புறம் அவன் கம்ப்யூட்டரில் ஆடினேன். முதல் தடவை. எதை எதையோ அழுத்தி நேராகப் பதினான்குக்கு வந்துவிட்டேன். பாவம் ஒரு சைக்கிள் நின்றது. ஹாரன் எந்தப் பட்டன் என்று தெரியவில்லை, அதனால் பிரேக்கைப் போட்டேன். நின்றுவிட்டது. நல்ல விளையாட்டு."

டிரைவர் அதை நான்கு முறை படித்தார். பிறகு புரோகிராமரின் மேஜைக்குப் போனார்.

"தம்பி, இது பொய்தானே?"

இரண்டு பிள்ளைகளுக்கு அப்பாவான புரோகிராமர், அந்த ஆட்டத்தின் பதிவைத் திறந்து பார்த்தார். "நின்னிருக்குண்ணே. சைக்கிளுக்கு ஒன்பது மீட்டர் முன்னாடி."

"ஏதாவது கோளாறா இருக்கும்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். இருங்க, நானே ஓட்டிப் பாக்குறேன்." ஹாரனைத் தொடாமல், வளைவு திரும்பியதும் பிரேக்கைப் போட்டார். ரயில் முனகிக்கொண்டே போய் நின்றது. எதிரே சைக்கிள் முழுசாக இருந்தது. "அட, நிக்குதுண்ணே! இவ்வளவு சுலபமா? அப்ப ஏன் எல்லாரும் தோத்தாங்க?"

அவரே தோற்றவர்களின் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லோரும் முதலில் ஹாரன் அடித்திருந்தார்கள். இரண்டு விநாடி, மூன்று விநாடி, சிலர் நான்கு. அப்புறம்தான் பிரேக். அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு இருபத்தைந்து மீட்டர் போய்விடும்.

"ஏன் எல்லாரும் ஒரே மாதிரி ஹாரன் அடிக்கிறாங்க?" என்று தலையைச் சொறிந்த புரோகிராமர் சட்டென்று சிரித்துவிட்டார். "ஓ, நீங்கதான்ணே! ரெண்டாவது பாடத்துல நீங்கதானே வெச்சீங்க? தண்டவாளத்துல எதைப் பாத்தாலும் முதல்ல ஹாரன், இல்லேன்னா பத்து மார்க் கட்டுன்னு. இந்தம்மா பாடமே படிக்காம வந்திருக்காங்க. அதான் பிழைச்சுது."

டிரைவர் சிரிக்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் தண்டவாளத்தில் நின்ற ஆடு, மாடு, காதலர்கள், குடிகாரர்கள் எல்லோரும் ஹாரன் கேட்டு நகர்ந்திருக்கிறார்கள். எல்லோரும். அதனால் கை தானாக அங்கேதான் போகும். அதைத்தான் அவர் பாடமாக எழுதிக் கொடுத்தார். தன்னைப் போலவே ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு, தன்னைப் போலவே தோற்றவர்களைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார்.

ஹாரன் அடித்தாரா என்று விசாரணையில் கேட்டார்கள். எது முதலில் என்று யாரும் கேட்கவில்லை.

புரோகிராமருக்கு அவருடைய கதை பாதி தெரியும். மீதியை அந்த முகத்தில் படித்திருக்க வேண்டும். சிரிப்பை நிறுத்திக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, அந்தத் தூரத்துல ஒரு இருபது மீட்டர் குறைச்சுடட்டுமா? யாருக்கும் தெரியாது. அப்புறம் எவன் ஓட்டினாலும் நிக்காது."

டிரைவர் திரையில் இருந்த சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. நிஜமாகவே வந்துவிட்டது.

"வேணாம்பா," என்றார். "நான் குடுத்த கணக்கு சரிதான்."

அன்று மாலை கதவைத் திறந்த மனைவி வழக்கம்போலக் கேட்டாள். "எத்தனை பேர்?"

"ஒருத்தரும் திட்டல. ஒரு அம்மா பாராட்டியிருக்காங்க."

"அதுக்கு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"அவங்க நிறுத்திட்டாங்க. ஹாரன் அடிக்காம."

அவள் சமையலறைக்குள் போனாள். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. அவர் பின்னாலேயே போய் வாசலில் நின்றார். விளையாட்டை நம்பி மனசை அலட்டிக்காதீங்க என்று அவள் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தார். மூன்று வருடமாக அவள் தேற்றித்தானே வந்தாள், உங்களால முடிஞ்சிருக்காதுங்க, யாராலயும் முடிஞ்சிருக்காதுங்க என்று.

இன்று அதைச் சொல்லாமல் அவள் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார்.

"எனக்கு ரயிலைப் பத்தி என்ன தெரியும்?" கரண்டியைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு வீட்டுக்கு வந்து விடிய விடிய ஹாரன் அடிச்சேன், ஹாரன் அடிச்சேன்னு பொலம்பினீங்க. பிரேக் போட்டேன்னு ஒரு தடவைகூட சொல்லல."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டு? நீங்க எந்திரிச்சு நடமாடினாப் போதும்னு இருந்துச்சு."

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்தார். "ரெண்டாவது பாடத்தை நாளைக்கே மாத்தணும். பதினோராயிரம் பேர் அதைப் படிச்சிருக்காங்க."

"மாத்துங்க."

"மூணு செகண்ட் அடிச்சேன். நகர்ந்துடுவாங்கன்னுதான். எல்லாரும் நகர்ந்தாங்களே." பிறகு யாரிடமும், விசாரணையிலும்கூட, சொல்லாத ஒன்றைச் சொன்னார். "அவங்க நிமிர்ந்து என்னைப் பாத்தாங்க. ஒரு கையைத் தூக்கினாங்க. நிறுத்துங்கன்னுதான் தூக்கியிருக்காங்க. எனக்கு அப்ப, இதோ போயிடறேன்னு சொல்ற மாதிரி தெரிஞ்சுது. அதனால இன்னொரு தடவை அடிச்சேன்."

மனைவி அடுப்பை அணைத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். தொடவில்லை, தேற்றவில்லை.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றாள். "வளைவு திரும்பினதுலேர்ந்து."